முதல் பீரியட் ஏகாம்பரம்

ஒரே ஒரு ஆள்தான் குறைந்தது. எண்பது மாணவர்களுக்கு உடற்கூறியல் துறையில் மூன்று பேராசிரியர்கள் இருக்க வேண்டும். இருந்தது இரண்டு பேர்.

"போன வருசம் வரைக்கும் ஐம்பது பேர்தானே சார். அதுக்கு ரெண்டே போதுமா இருந்துச்சு," என்றார் ரகுபதி. அவர் அலுவலகக் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடமாக அந்தக் கல்லூரியில் எந்தக் காகிதமும் அவர் கை படாமல் நகர்ந்ததில்லை.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் முதல்வர் நோயல் எரிச்சலோடு.

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அந்தத் தனியார் கால்நடை மருத்துவக் கல்லூரி. கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனங்கள் ஆளுக்கொரு நாய் வாங்கி வளர்க்க ஆரம்பித்ததில், மாட்டு டாக்டர் படிப்புக்கு என்றுமில்லாத கிராக்கி வந்துவிட்டது. கல்லூரியும் ஆசைப்பட்டு முப்பது பேரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. அந்த முப்பது இடத்துக்கும் அங்கீகாரக் குழு வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் முப்பது பிள்ளைகளும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கூடவே நோயலும். அவர் பொறுப்பு முதல்வராக உட்கார்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் 'பொறுப்பு' என்ற சொல் பெயர்ப் பலகையிலிருந்து போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ராயபுரத்தில் அவர் மனைவி ஜானட் ஏற்கெனவே மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் "எங்க வூட்டுக்காரர் பிரின்சிபால்" என்று சொல்லி முடித்திருந்தாள்.

"ஒரு பேரை எழுதிடலாம் சார். குழு வர்ற அன்னைக்கு லீவுன்னு சொல்லிக்கலாம். நாலு இடத்துல செய்யறதுதான்," என்றார் ரகுபதி.

நோயல் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. "என்ன பேரு?" என்று கேட்டார்.

"ஏகாம்பரம்." ரகுபதி யோசிக்கவே இல்லை. "டாக்டர் ஏகாம்பரம். விலாசம் மாத்தூர்."

எழுதுவதை ஒழுங்காக எழுத வேண்டுமே என்று கால அட்டவணையிலும் சேர்த்தார்கள். முதலாண்டு, தினமும் முதல் பீரியட். "சார் வரலை" என்று பிள்ளைகள் வந்து நின்றால் வேறு யாரையாவது அனுப்பிச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ஒரு வாரம் போயிற்று. யாரும் வந்து நிற்கவில்லை.

எட்டாம் நாள் காலை நோயலே உடற்கூறியல் கூடத்தை எட்டிப் பார்த்தார். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. குதிரை எலும்புக்கூட்டைச் சுற்றி எண்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் பசு இரைப்பையின் நாலு அறைகளும் கை எடுக்காமல் ஒரே கோட்டில் வரையப்பட்டிருந்தன. அவ்வளவு சுத்தமான படத்தை நோயல் தான் படித்த காலத்திலும் பார்த்ததில்லை.

"யார் வரைஞ்சது?"

"ஏகாம்பரம் சார்தான். இப்பத்தான் வெளிய போனாரு," என்றாள் முன்வரிசையில் இருந்த உஸ்மா என்ற மாணவி.

கூடத்துக்கு ஒரே வாசல்தான். அந்த வாசலில்தான் நோயல் நின்றுகொண்டிருந்தார்.

"ஆள் எப்படி இருப்பார்?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாஸ்க் போட்டிருப்பாரு சார்," என்றாள் உஸ்மா கடைசியில். "கொரோனாவுல போட்டதாம். அதுக்கப்புறம் கழட்டவே இல்லைன்னு சொன்னாரு."

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த மலிகா நிமிர்ந்தாள். கூடத்துக்குத் தண்ணீர், டீ எல்லாம் அவள் பொறுப்பு.

"இன்னா சார், தெரியாத மேரி கேக்குற? தங்கமான மனுசன். டீய வெச்சா குடிச்சிட்டு கிளாஸ கவுத்து வெச்சுட்டு பூடுவாரு. ஒண்ணு மட்டும்தான் சார். அவரு வரசொல்ல பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுல ஒரு நாய் கொலைக்காது. அத்தினியும் ஒரே பக்கமா திரும்பி செவுத்த பாத்துகினு நிக்கும்."

நோயல் வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தன் அறைக்குத் திரும்பினார்.

"எவனோ விளையாடறான் சார்," என்றார் ரகுபதி. "ஏகாம்பரத்துக்கு ஒரு மாசம் மெடிக்கல் லீவு போட்டுடுவோம். ஆட்டம் அடங்கிடும்."

அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மறுநாள் காலை நோயலின் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. 'ஐயா, தங்கள் கருணைக்கு நன்றி. எனக்கு இனி உடம்புக்கு ஒன்றும் வராது. முன்னங்கால் எலும்புகள் இன்னும் பாக்கி இருப்பதால் விடுப்பை ரத்து செய்யக் கோருகிறேன்.' கோப்பு எண் சரியாக இருந்தது. கடிதம் உரிய வழியில், ரகுபதியின் மேலொப்பத்துடன் வந்திருந்தது.

"இது உங்க கையெழுத்தா?"

ரகுபதி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என் கையெழுத்துதான் சார். ஆனா நான் போடலை."

 பிறகு நோயல்தான் துணிந்து அடுத்த காரியத்தைச் செய்தார். ஏகாம்பரத்தை கல்லூரிக்கு மாத்தூரில் இருந்த மாட்டுப் பண்ணைக்கு மாற்றி உத்தரவு போட்டார். அங்கே பாடம் எடுக்கப் பிள்ளைகள் கிடையாது.

மறுநாள் திருவொற்றியூர் பதிவேட்டில் காலை ஒன்பது மணிக்கு ஏகாம்பரத்தின் கையெழுத்து இருந்தது. மாத்தூர் பதிவேட்டிலும் அதே ஒன்பது மணிக்கு இருந்தது. மூன்று நாளாக எழுந்திருக்காமல் கிடந்த சினைப்பசு எழுந்து நின்றுவிட்டதாகப் பண்ணையிலிருந்து போன் செய்து நன்றி வேறு சொன்னார்கள்.

அன்று மதியம் கல்லூரிச் செயலாளர் சௌக்கத் அலி அழைத்தார். வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நோயலு, யாருப்பா இந்த ஏகாம்பரம்?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நோயல் வாயைத் திறந்தார்.

"எம்பது பசங்களும் அவர மாத்தக் கூடாதுன்னு கையெழுத்து போட்டு மனு குடுத்துகிறாங்க. கொரோனாவுக்கு அப்பால காலேஜு வளந்துகினே போவுது. இந்த மாதிரி ஆளுதான் மேல ஒக்காரணும். நீயும் பாவம், எட்டு மாசமா பேஜார் பட்டுகினு கீற. குழு வந்துட்டு போவட்டும், அவரயே பிரின்சிபாலா போட்டுடலாம்னு பாக்குறேன்."

திறந்த வாயை நோயல் மூடிக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டால் குடையும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தார். நாற்காலியிலும் ஏறி உட்காரும் என்று யாரும் சொல்லவில்லை. அன்று அவருக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. ஜானட்டிடம் இதை எப்படிச் சொல்வது? இன்னாரிடம் தோற்றேன் என்று சொல்லவாவது ஒரு ஆள் வேண்டாமா?

குழு வரும் நாள் வந்தது. மூன்று பேர் வர வேண்டும். காலை பத்து மணிக்கு ஒருவர் மட்டும் வந்து நின்றார். ஒல்லியான, சாந்தமான மனிதர். வாசலில் வண்டி எதுவும் நிற்கவில்லை. பஸ்ஸில் வந்திருப்பார் என்று நோயல் நினைத்துக்கொண்டார்.

"நான் வரதராஜுலு. மத்த ரெண்டு பேரும் வழியில லாரிங்க நடுவுல மாட்டிக்கிட்டாங்க. நான் ஆரம்பிச்சுடறேன்."

தானே வழி தெரிந்தவராக அவர் உடற்கூறியல் கூடத்துக்குப் போனார். நோயல் தன் அறையிலேயே உட்கார்ந்து யோசித்தார். எப்படியும் நாற்காலி போய்விட்டது. பொய்யாவது போகட்டும். வரதராஜுலு திரும்பி வந்ததும் எழுந்து நின்றார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஏகாம்பரம்னு யாருமே கிடையாது. கணக்குக் காட்ட நாங்க எழுதின பேரு. தப்பு என்னோடது. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க, அந்த முப்பது பிள்ளைங்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வரதராஜுலு அவரைக் கனிவோடு பார்த்தார்.

"யாரும் இல்லையா? இவ்வளவு நேரம் அவரோடதானே பேசிட்டு வர்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு விட்டுப் பேச எனக்கு ஒரு ஆள் கிடைச்சுது."

அறிக்கையை எடுத்தார். ஏகாம்பரம் பெயருக்கு எதிரே 'நேரில் கண்டேன்' என்று எழுதினார். முப்பது இடங்களுக்கும் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டார். "அவர் டீ சொல்லியிருக்கார்," என்று மறுபடி கூடத்தைப் பார்த்து நடந்தார். வார்டில் ஒரு நாயும் குரைக்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்குக் குழுத்தலைவி டாக்டர் ஹஃப்சா, இன்னொரு உறுப்பினரோடு வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார்.

"மன்னிக்கணும் சார். இந்த ரோட்டுல ரெண்டரை மணி நேரம். உங்களைக் காக்க வெச்சுட்டோம்."

"பரவாயில்லை மேடம்," என்றார் நோயல். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. "வரதராஜுலு சார் முன்னாடியே வந்து எல்லாத்தையும் பார்த்துக் கையெழுத்தே போட்டுட்டார். இப்ப ஏகாம்பரம் சாரோட டீ குடிச்சுட்டிருக்கார்."

டாக்டர் ஹஃப்சா அறிக்கையை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற உறுப்பினரிடம் காட்டினார். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஹஃப்சா மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"குழுவுக்கு மூணு பேர் காட்டணும் சார். கொரோனாவுக்கு அப்புறம் எங்ககிட்டயும் ஆள் இல்ல. வரதராஜுலு, நாங்க எழுதின பேரு."