கொடுத்தனுப்புகிறவர்

பயணம் போகிறவர்கள் ஒரு வகை, போகாமல் வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு வகை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. தான் வாசற்படியைத் தாண்டாமல், தன் சாமான்களை மட்டும் தேசம் தேசமாகப் பயணம் அனுப்புகிற வகை. இவருக்குக் கொடுத்தனுப்புகிறவர் என்று பெயர். கடவுள் எத்தனையோ ஜீவராசிகளைப் படைத்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நாம். இவர் விஷயத்தில் மட்டும் அந்தக் காரணம் இன்னும் பிடிபடவில்லை.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எல்லைக்கு அந்தப் பக்கம் போகலாமா என்று நீங்கள் மனசுக்குள் நினைத்திருப்பீர்கள், வீட்டில்கூட வாயைத் திறந்திருக்க மாட்டீர்கள், பையைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். எப்படித் தெரிந்தது? யார் சொன்னார்கள்? எறும்புக்குச் சர்க்கரை டப்பா இருக்கும் இடத்தை யார் சொன்னார்களோ அவர்கள்தான்.

முன்பெல்லாம் பக்கத்து நாட்டுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு ரயில். அப்போது இந்த இனம் நோஞ்சானாக, வருஷத்துக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு ஏதோ உயிர் தரித்திருந்தது. பிறகு இரண்டு அரசாங்கமும் கூடிப் பேசின. வண்டியைத் தினசரி ஆக்கினார்கள், பெட்டிகளை அதிகமாக்கினார்கள், இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கொடி அசைத்தார்கள். நட்பு வளரும் என்றார்கள், வியாபாரம் வளரும் என்றார்கள். வளர்ந்தது எது? எங்கள் தெருவில் வளர்ந்தது ஓரமா சார்தான்.

அவருக்கு அந்தப் பெயரைத் தெரு வைத்தது. எதை நீட்டினாலும் "ஒரு ஓரமா வெச்சுக்கோங்க" என்றுதான் நீட்டுவார். தபால் ஆபீசில் பொட்டலங்களை நிறுத்து முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். அப்படியானால் தபாலிலேயே அனுப்பலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "தபால்ல போட்டா தூக்கி எறிவாங்க. நானே எறிஞ்சிருக்கேனே" என்றார். அனுபவம் பேசுகிறது, நாம் என்ன சொல்ல முடியும்?

அந்தப் பக்கம் அவருக்கு ஒரு மச்சான், மனைவியின் தம்பி. அந்த மச்சானுக்காக ஓரமா சார் அனுப்பிய சாமான்களைக் கேட்டால் அங்கே மனிதர்கள் குகையில் வாழ்கிறார்களோ என்று தோன்றும். துணி காயப்போடும் கயிறு அனுப்பினார். கதவுக் கீல் அனுப்பினார். ஆணி அனுப்பினார். அங்கே ஆணி கிடைக்காதா என்று கேட்டால், கிடைக்கும், ஆனால் அடித்தால் வளையும் என்பார். மச்சான் அங்கே இரும்புக்கடைதான் வைத்திருக்கிறார் என்பது வெகுநாள் கழித்துத் தெருவுக்குத் தெரியவந்தது.

எந்தச் சாமானையும் உதவி என்று அவர் கேட்டதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எப்படியும் போகிறீர்கள், வண்டி எப்படியும் ஓடுகிறது, இடம் எப்படியும் காலியாகக் கிடக்கிறது, வீணாகத்தானே போகும்? உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்பார். நமக்குப் புண்ணியம் சேர்த்து வைப்பதில் அவருக்குள்ள அக்கறை சொல்லி முடியாது. தனக்கென்று அதில் ஒரு துளிகூட எடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது தையல்காரம்மாவிடம் வருவோம்.

தெருக் கோடியில் ஒற்றை அறை, ஒரு மெஷின், கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடா, இவைதான் அந்த அம்மா. ஒரே மகளை எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் கப்பல் பட்டறையில் வேலை, நல்ல பையன். மகளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று சொல்லி டாக்டர் ஒரு நாளும் குறித்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் நடுங்குகிற பெண் அது. போனில் அழுதது. "மயக்க ஊசி போடறப்ப உன் கையைப் பிடிச்சுக்கணும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றது. வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தான் படுத்துப் பழகிய பழைய தலையணையை மட்டும் எடுத்துவரச் சொன்னது.

தையல்காரம்மா முதல் நாளே போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுத்தார். ஒரு பையில் பிள்ளைக்குத் தைத்த சட்டைகள், இன்னொரு கைக்குத் தலையணை. கிளம்பும்போது வாசலில் ஓரமா சார் நின்றார். கையில் தகரப் பெட்டி. பூட்டியிருந்தது.

அந்த அம்மா இல்லை என்று சொல்லத் தெரியாதவர். சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று தடித்துப்போன மனிதர் வந்து சண்டை போட்டால்கூட, துணி சுருங்கியிருக்கும் என்று தன் தவறாக ஏற்றுக்கொள்கிறவர். உள்ளே என்ன என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அந்தக் கவலையெல்லாம் உங்களுக்கு எதற்கு, நான் இருக்கிறேன் அல்லவா என்றார் சார். சாவி?

"அதை உங்ககிட்ட கொடுப்பேனா? நாளைக்கு நம்ம சலூன்காரர் போறார், அவர்கிட்ட கொடுத்திருக்கேன். பெட்டி ஒரு வண்டில, சாவி ஒரு வண்டில. தினம் வண்டி விட்டிருக்கான், பயன்படுத்திக்க வேண்டாமா?"

அரசாங்கம் இவ்வளவு செலவு செய்து வண்டியைத் தினசரி ஆக்கியது எதற்கு என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்: யாராவது கேட்டால் என்னுடையதுதான் என்று சொல்லிவிடுங்கள், ஒரு வார்த்தைதானே. தலையணை வீட்டுக்குள் திரும்பிப் போயிற்று. அந்தக் கையில் பெட்டி ஏறியது.

எல்லை ஸ்டேஷனில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். ஒரு நீளமான கூடத்தில் மேஜை போட்டுச் சோதிப்பார்கள். சோதனை முடித்து அந்தப் பக்கத்துக் கதவால் வெளியே போனால் அந்த நாட்டு ரயில் நிற்கும். அது ஒருவருக்காகவும் காத்திருக்காது. கூடத்துச் சுவரில், பிறர் கொடுக்கும் பொருளை வாங்கி வராதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் தையல்காரம்மா பெட்டியைக் காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். பெட்டி யாருடையது என்று அதிகாரியம்மா கேட்டார். கடவுளே மன்னித்துக்கொள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, என்னுடையதுதான் என்றார்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

தெரியவில்லை.

"சரி, சாவி எங்கே?"

"அது நாளைக்கு வண்டில வருதுங்க."

கேலி செய்கிறார் என்று அதிகாரியம்மா நினைத்துவிட்டார். பூட்டிய பெட்டி, உள்ளே இருப்பது தெரியாத சொந்தக்காரி, மறுநாள் வரப்போகிற சாவி. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பூட்டை உடைக்கப் பெரிய அதிகாரிக்கும் ஆயுதத்துக்கும் ஆள் அனுப்பினார்கள். அந்த அம்மா ஓரமா சாருக்குப் போன் போட்டார். சார் தூங்குகிறார் என்றார் அவர் மனைவி. எழுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சாருக்குத் தூக்கம் போய்விட்டது. பூட்டு நல்ல பூட்டு, உடைக்க விடாதீர்கள், நாளைக்குச் சாவி வந்துவிடும், ஒரு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்.

"காலைல பொண்ணுக்கு ஆபரேஷன் சார்."

"அதுக்கு டாக்டர் இருக்காங்கம்மா. பெட்டிக்கு நீங்கதானே இருக்கீங்க."

இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். கல்லில் வெட்டி அந்த ஸ்டேஷன் வாசலில் நட்டு வைக்க வேண்டிய வாக்கியம்.

பெரிய அதிகாரி வருவதற்குள், அந்தப் பக்கத்துக் கதவுக்கு வெளியே ரயில் நகர்ந்தது. தையல்காரம்மா கண்ணாடி வழியாக அதன் கடைசிப் பெட்டி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு பூட்டை அறுத்தார்கள். மூடியைத் தூக்கினார்கள்.

பெட்டி காலி.

அடியில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது, வேறு ஒன்றுமே இல்லை. சட்டைப்பையில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று தையலுக்கு முன்னால் விரலை விட்டுப் பார்ப்பாரே, அதுபோல அந்த அம்மா நான்கு மூலையிலும் விரலை விட்டுத் துழாவினார். அதிகாரியம்மாவுக்கே பரிதாபமாகிவிட்டது. காலிப் பெட்டி கொண்டுபோவதற்குத் தடை இல்லை, நாளைக்கு வண்டியில் போகலாம் என்றார்.

மறுநாள் சலூன்காரர் அதே கூடத்துக்கு வந்து சேர்ந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, "அக்கா, நல்லவேளை, இந்தாங்க சாவி" என்று நீட்டினார்.

தையல்காரம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பேத்தி பிறந்து பாதி நாள் ஆகியிருந்தது, இறைவன் அருளால் தாயும் பிள்ளையும் நலம். மகள் கோபிக்கவில்லை. "ஒரு நர்ஸம்மா கையைப் பிடிச்சுக்கிட்டேன். யாருன்னுகூடத் தெரியலம்மா. பரவாயில்ல விடு" என்றது. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தையல்காரம்மாவுக்குத் தோன்றியது. பெட்டியை இரும்புக்கடை மச்சானிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது வேண்டாம் என்றுதானே போன வருஷம் மாமாவுக்கே கொடுத்தனுப்பினேன் என்றார்.

ஊர் திரும்பியதும் ஓரமா சார் வந்தார். பேத்தியைப் பற்றி விசாரிக்கவில்லை. பூட்டைப் பற்றி விசாரித்தார். காலிப் பெட்டியை எதற்குப் பூட்டினீர்கள் என்று அந்த அம்மா கேட்டதற்கு, திறந்து கிடந்தால் வழியில் யாராவது எதையாவது உள்ளே போட்டுவிட மாட்டார்களா, காலம் அப்படி இருக்கிறது என்றார். யாரை நம்புவது என்று பெருமூச்சும் விட்டார்.

சில மாதம் கழித்துப் பேத்தியைப் பார்க்க அந்த அம்மா மறுபடி கிளம்பினார். ஓரமா சார் மறுபடி வந்தார். இந்தத் தடவை பெட்டி இல்லை, பூட்டு இல்லை. அந்தப் பக்கம் மச்சான் வீட்டில் இருக்கும் தன் வயசான மாமியாருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. கூடு திறந்தே இருந்தது, உள்ளே கண்ணாடி தெரிந்தது. பாவம், ஆறு மாதமாகக் கண்ணே தெரியாமல் தடவித் தடவி நடக்கிறதாம் அந்தக் கிழவி. உள்ளங்கையில் அடங்குகிற சாமான்.

தையல்காரம்மா அதைத் தொடவில்லை.

"தபால்ல போட்டுடுங்க சார்" என்றார். பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தெரு இப்போது அவரைப் பற்றி என்ன பேசுகிறது தெரியுமா? நெஞ்சில் ஈரமே இல்லாதவள் என்கிறது. நாலு தடவை ரயில் ஏறியதும் தலைக்கனம் என்கிறது. ஓரமா சார் யாரையும் குறை சொல்வதில்லை, கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து காட்டுகிறார், அவ்வளவுதான். தபால் ஆபீஸ் தெரு முனையில் திறந்துதான் இருக்கிறது.

அதெல்லாம் இருக்கட்டும். நான் உங்களைத்தான் கேட்கிறேன். இவ்வளவு நேரம் ஓரமா சாரைப் பார்த்து முகம் சுளித்தீர்களே, அந்தக் கண்ணாடியை அவர் நீட்டிய இடத்தில், 'அட, இதையாவது வாங்கிக்கொண்டிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? ஒரு நொடிதான் தோன்றியது என்கிறீர்களா? ஒரு நொடி போதும். உங்களிடம் சொல்லாமல் ஊருக்குப் போகிறவர்கள், உங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் ஏன் அவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று இனி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.