மூன்று நாற்காலிகளும் ஒரு தழுவலும்

“இன்னைக்குக் கபிலனும் இனியாவும் கட்டிப்பிடிச்சுப் பாக்கணும். பெர்மிஷன் வாங்கணும்,” என்றார் ரக்‌ஷனா அக்கா.

“யார்கிட்ட அக்கா?” என்றேன்.

“நெருக்கக் காட்சி நெறியாளர்கிட்ட.”

“அது நீங்கதானே?”

“அதுக்காக? அவங்களக் கேக்காம செஞ்சா மரியாதையா இருக்குமா?”

எழுந்தார். சிவப்பு நாற்காலியை விட்டு வெள்ளை நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். காலியாகக் கிடந்த சிவப்பு நாற்காலியைப் பார்த்து, “முடியாது. முன்னாடியே சொல்லியிருக்கணும்,” என்றார்.

வாசகரே, ஒற்றையாள் குழு என்ற இனத்தை நான் முதன்முதலில் கண்டது அன்றுதான். இந்த இனத்தைச் சேர்ந்தவருக்கு உடம்பு ஒன்று, பதவிகள் பல. ஒரு பதவியில் எடுத்த முடிவை இன்னொரு பதவியிலிருந்து தடுப்பார். தடுத்ததற்காக மூன்றாவது பதவியில் வருத்தம் தெரிவிப்பார். எங்கள் நாடகக் குழு சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு தையல் கடையின் மாடியில் ஒத்திகை பார்க்கும் சின்னக் குழு. இயக்குநர், அசைவு வடிவமைப்பாளர், நெருக்கக் காட்சி நெறியாளர் என்று சுவரொட்டியில் மூன்று வரிகள். மூன்றிலும் ரக்‌ஷனா. சிவப்பு, நீலம், வெள்ளை என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.

வேலையில் குறை சொல்ல முடியாது. நடிகர்கள் ஒருவரையொருவர் தொடும் முன் எங்கே தொடலாம், எங்கே கூடாது, எவ்வளவு நேரம் என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை முதல் வாரமே எங்களுக்கு அழகாகச் சொல்லிக்கொடுத்தார். சிக்கல் எல்லாம் உட்காரும் இடத்தில்தான்.

நான் மேடை நிர்வாகி. அதிகம் பேசமாட்டேன் என்பதால் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. ‘வந்தவர்கள்: மூவர். வாங்கிய தே தாரிக் டீ: ஒன்று.’

நாடகத்தின் கடைசிக் காட்சி இது. ஐந்து வருடம் கப்பலில் வேலை பார்த்த கணவன் புக்கிட் மேரா வீட்டுக்குத் திரும்புகிறான், மனைவி கதவைத் திறக்கிறாள், தழுவிக்கொள்கிறார்கள். விளக்கு அணைகிறது. அந்தத் தழுவல் இல்லாவிட்டால் நாடகத்துக்கு முடிவே இல்லை. மூன்று வாரமாக அது இல்லை. கபிலன் பையோடு வாசலில் நிற்பதைப் பார்த்தால் பார்சல் கொண்டுவந்த ஆள் மாதிரி இருந்தது. இனியா எங்கே கையெழுத்துப் போடுவது என்று தேடுவதுபோல் நின்றாள். வெள்ளிக்கிழமை அரங்கேற்றம்.

சிவப்பு நாற்காலி “சட்டுன்னு கட்டிப்பிடிக்கணும், அழுகை வரணும்” என்றது. நீல நாற்காலி, எட்டு எண்ணிக்கை, இடது காலில் எடை, தோளுக்கு முன் முழங்கை என்றது. வெள்ளை நாற்காலியோ எட்டு எண்ணிக்கைக்கும் எட்டுச் சம்மதம் தனித்தனியாக வேண்டும் என்றும், ‘சட்டுன்னு’ என்ற சொல் நடிகர்களை நெருக்குகிறது என்றும், அதை இயக்குநர் திரும்பப் பெற வேண்டும் என்றும் சொன்னது. சிவப்பு மறுத்தது. புதன்கிழமை வெள்ளை ராஜினாமா செய்தது. சிவப்பு ஏற்றுக்கொண்டது. வெள்ளைக்கு ஆதரவாக நீலம் மெடிக்கல் லீவு போட்டது. மூன்று மின்னஞ்சல்களும் ஒரே கைப்பேசியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் எனக்கு வந்தன.

வியாழக்கிழமை கீழே தேக்கா சாப்பாட்டுக் கடையில் கபிலனும் இனியாவும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“தோள், முதுகு ஓகே. இடுப்பு வேணாம்,” என்றாள் இனியா. “உனக்கு?”

“கழுத்துல மட்டும் கை போடாத. கூசும், சிரிச்சிருவேன்.”

“எவ்ளோ நேரம்?”

“நீ ஒரு பெருமூச்சு விடுற வரைக்கும் லா.”

வடை ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே?

வெள்ளிக்கிழமை மேடையில் தழுவினார்கள். மூன்றாவது வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். விளக்கறையில் என் பக்கத்தில் நின்ற ரக்‌ஷனா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்ததும், “இடது கால் சரியில்ல,” என்றார். மெடிக்கல் லீவு முடிந்திருக்க வேண்டும்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. நாளை முதல் காலையில் நடக்கலாம் என்று தீர்மானம் போட்டவர் யார்? வானம் இருட்டியிருக்கிறது என்று அதை ஒத்திவைத்தவர் யார்? மகள் ஏதோ கேட்டபோது “யோசிச்சுச் சொல்றேன், பல பேரைக் கலந்துக்கணும்” என்றீர்களே, அந்தப் பல பேர் உங்கள் வீட்டில் எந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்? எழுந்து போய் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அன்று அரங்கம் காலியான பிறகு அக்கா அழுதுகொண்டே என்னருகில் வந்தார். யாரையும் அவ்வளவு எளிதில் தொடாத நான், அவர் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன்: “அக்கா, கட்டிப்பிடிக்கலாமா?”

அவர் கைகள் பாதிவரை உயர்ந்து நின்றன.

“எனக்கு ஆசைதான் மா. ஆனா பெர்மிஷன் அவங்கதான் குடுக்கணும். புதன்கிழமை ராஜினாமா பண்ணதுலேர்ந்து என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்காக நீ கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?”