வரவேற்பது பாலுசாமி குடும்பத்தார்

இத்தாலியிலிருந்து வந்த பையன் மூன்றாம் நாள் காலை பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அளவெடுக்கும்போதே தையல்காரர் இழுத்தார். "பதினேழு வயசுங்களா? மாரு நாப்பத்திரண்டு வருதுங்களே."

"அவங்கூர்ல வெண்ணெயா திங்கறாங்க" என்று பாலுசாமி சமாளித்திருந்தார்.

முன்மண்டையில் முடி இல்லாததற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. இத்தாலியில் என்ன சிறுவாணித் தண்ணீரா வருகிறது?

பாலுசாமிக்குக் காந்திபுரத்தில் தேங்காய் மண்டி, தொண்டாமுத்தூரில் தோப்பு, பிளஸ் ஒன் படிக்கும் ஒரே மகள் வர்ஷினி. மாணவர் பரிமாற்றச் சங்கத்தின் விதி எளிது. வெளிநாட்டுப் பையன் தங்கிய வீட்டைப் பற்றி முதல் வாரக் கடைசியில் ஓர் அறிக்கை எழுதித் தருவான். அது நன்றாக இருந்தால் அடுத்த வருடம் அந்த வீட்டுப் பிள்ளை இத்தாலி போகலாம். வர்ஷினி இப்போதே ஸ்வெட்டர் வாங்கி, கோயமுத்தூர் வெயிலில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

அதனால் வரவேற்பில் பாலுசாமி குறை வைக்கவில்லை. ஆறடித் துணியில் பேனர் எழுதச் சொன்னார். 'நல்வரவு' என்று தொடங்கி, வரவேற்கும் பாலுசாமி, மனைவி ராசாத்தாள், மகள் வர்ஷினி, மதுக்கரை மாமா, பவானிச் சித்தப்பா என்று எல்லாரையும் எழுதி முடித்தபோது விருந்தாளியின் பெயருக்கு இடமில்லை.

"வர்றவனுக்கு அவன் பேரு தெரியாதுங்களா?" என்று பாலுசாமி கேட்டார். பேனர் எழுதிய ஓவியர் தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

சங்கத்துக்கு ஃபேக்ஸில் வந்த பையனின் போட்டோவில் முகம் இருந்த இடம் கரிப்பிடித்த தோசை மாதிரி இருந்தது. விமானநிலையத்தில் முதலில் வெளியே வந்த வெள்ளைக்காரன் பேனரைப் பார்த்துத் தயங்கி நின்றான். மாலையைப் போட்டுக் காரில் ஏற்றிவிட்டார்கள்.

"அந்தப் பேரு நம்ம வாயில நொழையாதுங்க. கண்ணுன்னே கூப்பிட்டுக்கறேன்" என்று ராசாத்தாள் சொல்லிவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை.

கண்ணுவுக்கு வர்ஷினியின் ஆங்கிலம் பாதி புரிந்தது. அவனுடையது அவளுக்குக் கால்வாசி. முதல் நாளே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பெட்டியிலிருந்து சக்கரமும் உருளையுமாக இருந்த ஒரு பெரிய படத்தை எடுத்து விரித்து, வாசலை நோக்கிக் கையை நீட்டினான். என்னமாய் வரைகிறது பிள்ளை என்று ராசாத்தாள் அதை வாங்கி ஷோகேஸில் ஒட்டிவைத்தாள். அவன் முகம் வாடியது. ஊர் ஞாபகம் என்று முடிவு செய்து நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். மறுநாள் பூராவும் கண்ணு குளியலறையை விட்டு வெளியே வரவில்லை.

ஒத்த வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்தால் தெளிந்துவிடுவான் என்றுதான் பள்ளிக்கூட ஏற்பாடு. வர்ஷினி கெஞ்சிய கெஞ்சலுக்குச் சீருடை ஏறியது. பெஞ்சில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருந்தவன், இயற்பியல் வாத்தியார் மோட்டார் படம் போட்டதும் எழுந்து போனான். அதை அழித்துவிட்டு வேறு படம் போட்டு, அரைமணி நேரம் இத்தாலிய மொழியில் பாடம் நடத்தினான். நாளையிலிருந்து பையனை அனுப்ப வேண்டாம் என்று சாயங்காலமே தலைமையாசிரியரிடமிருந்து ஆள் வந்தது.

நாலாம் நாள் தோப்புக்குக் கூட்டிப்போனார்கள். பம்ப்செட்டைக் கண்டதும் கண்ணு முதல் முறையாகச் சிரித்தான். பாலுசாமிக்கு உயிர் வந்தது. அவர் இளநீர் வெட்டிக்கொண்டு திரும்புவதற்குள் மோட்டார் பதினெட்டுத் துண்டாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து யானை இறங்கிவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூப்பாடு. எல்லாரும் காருக்கு ஓடினார்கள். அன்றோடு தென்னைக்குத் தண்ணீர் நின்றது.

திரும்பும் வழியில் கண்ணு ஐ.எஸ்.டி. பூத் ஒன்றைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லிப் பாய்ந்து இறங்கினான். பத்து நிமிடம் போனில் கத்தினான். கண்ணாடிக்கு வெளியே நின்ற பாலுசாமியை மூன்று முறை சுட்டிக் காட்டினான். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டான்.

வர்ஷினி ஸ்வெட்டரை மடித்து பீரோவில் வைத்தாள். பாலுசாமி அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கச் செயலாளர் சென்னகேசவன் கையில் கவரோடு வந்தார்.

"ஏனுங்க, நாங்க ஒண்ணும் வேணும்னு செய்யலீங்க" என்று பாலுசாமி வாசலிலேயே ஆரம்பித்தார். "புள்ளைக்குக் கோழி ஒத்துக்கல. பள்ளிக்கூடமும் ஒத்துக்கல..."

"என்னங்க சொல்றீங்க? பையனோட அறிக்கை நேத்து தபால்ல வந்துச்சு. பத்துக்குப் பத்து போட்டிருக்கான். உங்க அம்மணி வர்ஷினிக்கு டிக்கெட் உறுதி."

ராசாத்தாள் சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்துக் கைகூப்பினாள். சென்னகேசவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ரொம்ப அன்பான குடும்பம். முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். மூன்று ஷிஃப்டாகச் சாப்பிடுகிறார்கள். எந்த வேலையைத் தொட்டாலும் என்னைத் தடுக்கவில்லை.

"எங்கூட்ல மூணு பேருதானுங்களே" என்றார் பாலுசாமி.

"பேனர்ல இருந்த மாமன் மச்சான் எல்லாத்தையும் சேர்த்து எண்ணியிருப்பான்."

அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவினாசி ரோட்டு நூற்பாலை ஒன்றின் டிரைவர் யாகூப் இறங்கி வந்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னார். இத்தாலியிலிருந்து போன் வந்து, அந்த வாரம் விமானநிலையத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரித்ததில், பாலுசாமி குடும்பத்தாரின் பெயர்கள் மட்டும் அங்கே எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்ததாம்.

"எங்க மில்லு மிசினைச் சரிபண்ண வந்த இத்தாலி இஞ்சினியரு உங்கூட்லதான் இருக்கறாருங்களா?" என்றார் யாகூப். "அவசரமில்லீங்க, மெதுவா அனுப்புங்க, நான் ஏர்போர்ட்லருந்து கூட்டிட்டுப் போன பையன் முந்தாநேத்தே மிசினைச் சரிபண்ணி ஓட்டிப்போட்டானுங்க."