செத்தவீட்டுக்கு வாளி எதற்கு

சிவமயம்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் கிஷாந்துக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ‘நாங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை. நான் நலம். நீ ரொறன்ரோக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன்.

அம்மாவின் செத்தவீட்டை வெள்ளவத்தை மாமி போனில் பிடித்து அனுப்பினாவே, அதைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய், “அப்பா, ஏன் சனமெல்லாம் வாளியோட நிக்குது?” மாமியும் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறாவாம். பதில் சொல்ல வாய் திறந்தேன், பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். நீ நெற்வேர்க் சரியில்லை என்று வைத்துவிட்டாய். நெற்வேர்க்கில் ஒரு பிழையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் ஒடுங்கின ஒழுங்கை முனையில் இருக்கிற மாதா கோவில். போன வருடம் மாற்றலாகி வந்த பாதர் நிக்சன், பூசையை முடித்தோமா போனோமா என்று இருக்கிற ஆள் இல்லை. ஒழுங்கையைத் திருத்தப் போகிறேன் என்று சேட்டுக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். கோவில் மண்டபத்தில் பின்னேரம் பிள்ளைகளுக்கு ரியூசன், ஞாயிறு பூசை முடிய இலவச டொக்டர், சனிக்கிழமையில் அடைத்துக் கிடக்கிற கழிவுநீர்க் கான் துப்பரவு. இதற்கெல்லாம் ஒரு கமிட்டி வேண்டுமாம், தலைவராக நான் வேண்டுமாம், ஏனென்றால் றெயில்வேயில் இருந்த எனக்கு மூன்று மொழியிலும் பெட்டிசம் எழுத வரும். “நான் சைவக்காரன் பாதர்” என்றேன். “கான் எந்தச் சமயம் ஐயா?” என்றார். ஆளைச் சமயம் மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். “நாப்பது வருசமா என்னாலயே உங்களை மாத்த ஏலேல்லை, அவர் மாத்திப் போடுவாரோ” என்றாள். தலைவரானேன்.

பிறகு புதுக் குழாய் போடுகிறோம் என்று வந்து தெருவை வெட்டினார்கள். வெட்டியது வெட்டியபடி கிடக்கிறது. தண்ணீர் பவுசர் லொறியில்தான் வருகிறது, எங்கள் ஒழுங்கைக்குள் பவுசர் நுழையாது, அதனால் பாதர் கோவில் வளவின் கேற்றைத் திறந்துவிட்டார். எப்போது வரும் என்று அந்த டிரைவருக்கே தெரியாது. வந்தால் கோவில் மணியை அடிப்பது என்று கமிட்டியில் தீர்மானித்தோம். தண்ணீருக்கு வேகமாக, சாவுக்கு மெதுவாக என்று மூன்று மொழியிலும் நான்தான் எழுதி ஒட்டினேன். ஆனால் மணி அடிக்கிற காளியப்பனுக்குத் தோள்மூட்டில் வருத்தம். அவரிடம் இருந்தது ஒரே வேகம். சனமும் நோட்டீசைப் பார்க்கவில்லை, மணி கேட்டால் வாளியைத் தூக்கப் பழகிவிட்டது.

வளவில் கல் வைத்துத்தான் வரிசைக்கு இடம் பிடிப்பது. முதற்கல் ஆருடையது என்று உன் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு நளீபாவுக்கும் நடந்த சண்டை உனக்குத் தெரியும், நீயே போனில் கேட்டிருக்கிறாய். “நான் விடிய சுபஹ் தொழுதுட்டு வந்து கல்லு வெச்ச எடம்” என்பா அவ. “நான் அதுக்கு முதலே எழும்பினனான்” என்பாள் உன் அம்மா. கமிட்டி கூடிக் கூடிப் பார்த்தும் தீரவில்லை. தலைவர் வீட்டு வழக்கு என்பதால் என்னை வேறு வெளியே நிற்பாட்டிவிட்டார்கள்.

அம்மா நித்திரையிலேயே போய்விட்டாள் என்று உனக்குச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது பவுசர் வராத மூன்றாம் நாள். வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்தான் இருந்தது. பிரேதத்தைக் குளிப்பாட்ட வேண்டும் கிஷாந்த். விடியக் குளித்துத் திருநீறு பூசாமல் தேத்தண்ணி வாயில் வைக்காத மனுசி. அவளைக் குளிக்கவார்க்காமல் அனுப்பப் போகிறேனே என்று கட்டிலடியில் இருந்து அழுதேன். ஆரிடமாவது கேட்கலாம், கேட்க வெட்கம். எல்லார் வீட்டிலும் அதே நிலைமைதானே.

பாதர் வந்து பார்த்தார், என் தோளில் கை வைத்தார். திரும்பிப் போய் மணியை அடிக்கச் சொல்லியிருக்கிறார், ஒரு சைவக்காரிக்கு. காளியப்பன் தன் வேகத்தில் அடித்தார். முழு ஒழுங்கையும் வாளியோடு கோவில் வளவுக்கு ஓடியது. பவுசரைக் காணவில்லை. படியில் நின்ற பாதர், “சிவக்கொழுந்து அம்மா போயிட்டா” என்று சொன்னார். வாளியை வீட்டில் வைத்துவிட்டு வருவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நேரே இங்கே வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மாமி, கார் விட இடமில்லை என்று புறுபுறுத்துக்கொண்டு உள்ளே வந்து போனை நீட்டினா.

மாமியின் போனில் சார்ஜ் முடிந்த பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. நளீபா குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “ஐயா, அக்காவக் குளிப்பாட்டத் தண்ணி ஈக்கா?” என்று மெதுவாகக் கேட்டா. இல்லை என்று தலையை ஆட்டினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு விறுக்கென்று போய்விட்டா. கோபம் இன்னும் தீரவில்லையாக்கும் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது வாளியில் தண்ணீர் இருந்தது, சோறாக்க என்று மூடி வைத்திருந்த தண்ணீர். அவவைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். ஒருவர் கால் வாளி, ஒருவர் ஒரு போத்தல். உன் அம்மா வடிவாகக் குளித்துத்தான் போனாள் மகன். அன்றைக்கு எத்தனை வீட்டில் உலை வைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

இருந்தாலும் நீ சொல்வதும் சரி. “அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம், வீட்டை மாடி கட்டுற கொம்பனிக்குக் குடுத்திட்டு வாங்கோ” என்கிறாய். தேத்தண்ணி போடும்போது கை தன்பாட்டில் இரண்டு கோப்பை எடுக்கிறது. இந்த வீட்டில் என்னால் இருக்க ஏலாது. வருகிறேன், ரிக்கெற் அனுப்பு. கமிட்டிக்கு ராஜினாமாக் கடிதமும் மூன்று மொழியிலும் எழுதி வைத்துவிட்டேன்.

முருகன் உன் தலைமாட்டில் நிற்பான். மாதாவும் ஒரு கண் வைத்திருப்பா என்று பாதர் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அப்பா
தில்லைநாதன்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மணி கேட்டது. தண்ணீர்தான். வாளியோடு ஓடிப் போய், கல் வைக்காத ஆள்தானே என்று கடைசியில் நின்றேன். நளீபா வந்து கூட்டிக்கொண்டு போய் முன்னுக்கு விட்டா. முதல் இடத்தில் உன் அம்மாவின் கல், அவள் பூசின திருநீற்றுக் குறியோடு இருக்கிறது. “அக்காட எடம். சுபஹுக்குப் பொறகு நாந்தான் வெக்கிய. நீங்க வராட்டி இதுல யாரு நிக்கிய?” என்று கேட்டுவிட்டு, தான் இரண்டாவதாக நின்றா. ரிக்கெற் அனுப்பாதே மகன். புதுக் குழாய் வரட்டும், பிறகு யோசிப்போம்.