ராசாவுக்குக் கொடி கட்டாத பஸ்

டென்மார்க்கில் மன்னராட்சி இன்னும் விழாமல் நிற்கிறது என்றால், அதற்கு ஒரே காரணம் குடியரசு அண்ணைக்கு லீவு கிடைக்காததுதான். கிடைத்திருந்தால் ஒரே வாரத்தில் அரண்மனையைப் பூட்டிச் சாவியை நகரசபையிடம் கொடுத்திருப்பார்.

அண்ணை தலைநகரை ஒட்டிய ஹ்விடோவ்ரேயில் பஸ் ஓட்டுகிறவர். பெற்றோர் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. காலையில் நான் வேலைக்குப் போவது அவருடைய பஸ்ஸில்தான். முன் இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"ராசான்ர மகன் ராசா எண்டா, என்ர மகன் பஸ் ஓட்ட வேணுமெல்லோ தம்பி? அவன் பல்லு டொக்டர். பஸ்ஸை அவனிட்டைக் குடுத்தா நீ ஏறுவியோ?"

ஏறமாட்டேன் என்பேன். ராசாவின் மகன் ஓட்டுகிற நாட்டில் மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கிறாயே என்பார்.

டேனிஷ்காரர்களையும் விடமாட்டார். அவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள், நியாயம்தான் என்று தலையசைப்பார்கள், இறங்கி நேரே அரண்மனை வாசலுக்குக் கொடி அசைக்கப் போவார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவர் மனைவிக்கு அரச குடும்பத்தின் மேல் கொள்ளை ஆசை. அவர்கள் படம் போட்ட தட்டுகளாக வாங்கி அடுக்கியிருக்கிறார். அண்ணை புட்டுச் சாப்பிடுவது அந்தத் தட்டில்தான். ராசாவின் முகத்தை மூடவாம். சாப்பிட்டு முடித்தால் முகம் திரும்பவும் தெரியுமே என்று மனைவி கேட்டதற்கு, இன்னும் இரண்டு கரண்டி புட்டுப் போட்டுக்கொண்டாராம்.

வினை கொடியில் வந்தது. இங்கே அரச குடும்பத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் பஸ்ஸின் முன்பக்கத்தில் இரண்டு சின்னக் கொடிகள் செருக வேண்டும். அண்ணை செருகமாட்டார். பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும்தான் பிறந்தநாள் வருகிறது, அவர்களுக்கு யார் கொடி கட்டினார்கள், எதையும் சனத்திடம் கேட்டல்லவா செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. போன மாதம் டிப்போ மேலாளர் கூப்பிட்டு, இன்னொரு தடவை கொடியில்லாமல் வண்டியை எடுத்தால் வேலை இல்லை என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். இந்த நாட்டில் கெட்ட செய்தியெல்லாம் சிரித்த முகத்தோடுதான் வரும். பஸ்ஸை விட்டால் அண்ணைக்கு வேறு வேலை தெரியாது, பேசுவதற்கு ஆளும் கிடையாது.

மன்னரின் பிறந்தநாள் வந்தது. முதல் தரிப்பிடத்திலேயே பஸ் நின்றது, பிறகு நகரவில்லை. அண்ணை இரண்டு கொடிகளையும் கையில் பிடித்தபடி எழுந்து, கொடி வேண்டுமா வேண்டாமா என்று சனமே சொல்லட்டும் என டேனிஷில் அறிவித்தார். அதோடு விட்டிருக்கலாம். வாக்காளருக்கு எதையும் மறைக்கக் கூடாது என்பது மனுஷனின் கொள்கை. கொடியில்லாமல் போனால் தன் வேலை போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு, கொடி வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

இத்தனை வருடமாகக் காதில் ஓதி ஓதி அவர் குடியரசுக்காரனாக மாற்றிய ஒரே ஆள் நான். மன்னருக்காக முதலில் கை தூக்கியதும் நான்தான். திரும்பிப் பார்த்தேன், பஸ் முழுக்கக் கைகள்.

அண்ணை என்னையே பார்த்தார். "தம்பி, நீயுமோ?"

"ஓம் அண்ணை. வெளிக்கிடுங்கோ, வேலைக்கு நேரமாகுது."

"சரி. சனம் சொல்லிப்போட்டுது."

இறங்கிப் போய் இரண்டு கொடிகளையும் செருகினார். ஒன்று கோணலாக இருக்கிறது என்று மறுபடியும் இறங்கி நிமிர்த்திவிட்டு வந்தார்.

இந்த நாடு என்றைக்கு வேண்டுமானாலும் குடியரசாகட்டும், எனக்குச் சம்மதம். அந்தக் காலை பஸ்ஸை மட்டும் அவர்தான் ஓட்ட வேண்டும்.