கண்ணாடிக்கு மேல் கிடந்த வேப்பங்கொத்து

கோயமுத்தூரில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், லாரி மோதினால் தப்பு யார் மேல் என்று முழுசாகத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் படித்தது எட்டாம் கிளாஸ். பழைய லாரி டிரைவர், எங்கள் சீனியரின் பீளமேடு ஆபீஸில் குமாஸ்தா. எங்களுக்கு அவர் 'ஸ்பாட்டு'. எந்த விபத்துக் கேஸ் வந்தாலும் கட்டைப் பிரிக்கும் முன்னே, "ஸ்பாட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தர்லாமுங்க" என்று குடையோடு கிளம்பிவிடுவார்.

இப்போது அதே ஆபீஸில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பார்க்கிறோம். மேலிருந்து எடுத்த படம், கேமரா பதிவு, எதற்கும் குறையில்லை. எனக்குத்தான் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது.

தப்பைப் பங்கு பிரிப்பது அவருக்கு ஒரு வியாதி. ஒருநாள் நான் காபியோடு திரும்ப, சீனியர் வேகமாக உள்ளே வர, அவர் வேட்டி முழுக்கக் காபி. ஸ்பாட்டு சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, காலடி வைத்து அளந்தார். வளைவில் ஹாரன் அடிக்காமல் வந்தது அய்யாதான், அய்யா மேல் எழுபது, அம்மணி மேல் முப்பது என்று தீர்ப்பு. சீனியர் அப்பீல் போகவில்லை. என் கல்யாணப் பேச்சு முறிந்தபோதுகூட, மாப்பிள்ளை வீட்டார் மேல் அறுபது என்று ஆறுதல் சொன்னார். மீதி நாற்பது யார் தலையில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் சென்னிமலையிலிருந்து அந்த அம்மா வந்தார். கணவர் தறிக்காரர். பெட்ஷீட் மூட்டையோடு மொபெட்டில் வந்தவர், அவிநாசி தாண்டி, விடிகாலைத் தூறலில், பழுதாகி நின்ற லாரியின் பின்னால் மோதி அங்கேயே போய்விட்டார். நின்ற வண்டியில் போய் இடித்தவர் மேல்தான் தப்பு என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. வண்டி படுத்துவிட்டால் பின்னால் கல்லை வைத்து, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று வேப்பங்கொத்தை ஒடித்துப் போடுவது நம் லாரிக்காரர்கள் வழக்கம்தானே? நின்ற உடனே போட்டேன் என்றார் டிரைவர். போலீஸ் எடுத்த போட்டோவிலும் கொத்து கிடந்தது.

"கண்ணு தெரியாம ஓட்டிச் செத்தாருன்னு ஊரே பேசுதுங்க மேடம். எம்பட புள்ளைக அதைக் கேட்டே வளருதுங்க" என்றார் அந்த அம்மா. அவருக்கு அதுதான் கேஸ்.

ஸ்பாட்டு மூன்று நாள் அந்தப் போட்டோவோடு குடித்தனம் நடத்தினார். நாலாம் நாள் சீனியர் அறைக்குள் வேப்பங்கொத்தைப் பரப்பி, அதன் மேல் ஒரு பழைய மொபெட் லைட்டைப் பிடித்துச் சுத்தியலால் ஒரே போடு. காத்திருந்த கட்சிக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து ஓடியே போனார்கள்.

"பாருங்கய்யா. கொத்து முந்தியே கெடந்திருந்தா கண்ணாடி எல மேல உளுந்திருக்கோணும். போட்டோவுல எலைக்கு அடியில கெடக்குது. இது இடிச்சதுக்கப்புறம் பயத்துல வெச்ச கொத்துங்க."

கோர்ட்டில் சீனியர் அந்த ஒன்றைத்தான் கேட்டார். டிரைவர் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். முழுத் தப்பும் லாரி மேல் என்று தீர்ப்பானது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வக்கீல் அழக்கூடாது என்பார்கள், நானும் அழுதேன். ஸ்பாட்டைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தலாம் என்று தேடினால், ஆளைக் காணோம்.

வராந்தாக் கோடியில், அந்த டிரைவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோளில் கை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்ப்பார்ட்டியோடு என்ன உறவு என்று தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"பணத்த இன்சூரன்ஸ்ல கட்டிப்போடுவாங்க அம்மணி. இவனுக்கு இனிச் சோறு எறங்காதுங்க" என்றார். டிரைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நானும் ஒருக்கா அப்படித்தானுங்க வெச்சேன். ஆரும் கண்டுபுடிக்கல. எம்மேல தப்பில்லைன்னு எழுதிப்போட்டாங்க. அன்னைக்கே சாவிய ஓனரு கையில குடுத்துப்போட்டு வந்துட்டேன்" என்றார்.

கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கிவந்து, அவருக்கும் அந்த டிரைவருக்கும் கொடுத்தேன்.

போன ஐப்பசியில் ஸ்பாட்டு போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் கேஸ் ஜெயித்து, கட்சிக்காரர் என் கையைப் பிடிக்கிறபோது, கண் தானாக வராந்தாக் கோடிக்கு ஓடுகிறது. தோற்ற டிரைவர் எவராவது அங்கே தனியாக உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவை நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். உங்களாட்டம் எனக்கு வரலீங்கண்ணா.