கான் கால்வாயான வரலாறு

ஒத்தப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்தில் படகு விட்டுக் காலைச் சாப்பாடு சாப்பிடும் திட்டம் எப்படி வந்தது என்று பலரும் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அரசாங்கம் காரணம் என்கிறார்கள் சிலர். சமாதானக் காலம் வந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதுதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. அதற்குக் காரணம் என்னுடைய நல்ல தமிழ்.

மடுல்சீமைப் பக்கம் நடந்து பழகியவர்களுக்குக் கான் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழைத்தண்ணீர் ஓடுவதற்கு மண்ணில் வெட்டி விடுவது கான். ஒரே கூரைக்குக் கீழ் பத்து வீடுகள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் கானுக்கு அகலம் இரண்டரை அடி, நீளம் நாற்பது யார், அதாவது நூற்றிருபது அடி. மழைத்தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், எப்போதாவது ஒற்றைச் செருப்பு, எல்லாம் அதில் போகும். கடைசியில் ரோட்டுக்கு அடியில் உள்ள மதகு வழியாக ஆற்றில் விழும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு மார்கழி மழையில் மதகு வாயில் மண் சரிந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் திரும்பி லயத்துக்குள் வந்தது. அதிகம் அடிபட்டது ஏழாம் நம்பர் காம்பராவில் இருக்கும் விஜயலெட்சுமி. அவளுடைய அடுப்பு பின்பக்கம், தரையோடு தரையாக இருந்தது. கணுக்கால் தண்ணீரில் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் ரொட்டி இல்லை. ஆறாம் நம்பரில் அடுப்பு காலியாகும்வரை காத்திருந்து, மாவைத் தட்டிப் போட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவள் போய்ச் சேரும்போது பேர் போட்டு முடிந்திருக்கும். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வாரத்தில் நாலு நாள் அவள் அரை மனுஷியாகத்தான் மலை ஏறினாள்.

மண்ணை வெட்டி எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அதில் சட்டச் சிக்கல் இருந்தது. கானின் இந்தக் கரை தோட்டத்துக்குச் சொந்தம், அந்தக் கரை பிரதேச சபைக்குச் சொந்தம். நடுவில் நிற்கும் தண்ணீர் எங்களுக்கு.

"தோட்டத்துச் சொத்துல கை வச்சா சார்ஜ் சீட்டு," என்றார் சின்னராசா கங்காணி. "எழுதிப் போடுங்க. எழுத்துல இருந்தாத்தான் எதுவும் நடக்கும்."

எழுதுகிற ஆள் நான். பெக்டரியில் இரவு வேலை, பகலில் லயத்துக்கு மனு எழுதும் வேலை. இரண்டுக்கும் நடுவில் எப்போது தூங்குவது என்பதை இன்னும் நான் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தோடு நிறுத்தியவன்தான், என்றாலும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து ஒரு தமிழ் சேர்த்து வைத்திருந்தேன். விஜயலெட்சுமி பக்கத்தில் நின்று சொன்னாள்.

"கான் அடைச்சிருக்கு, வெட்டி வுடுங்கன்னு எழுதுங்கண்ணே. அவ்வளவுதான்."

"கானுன்னா அரசாங்கத்துக்கு எழுதுவாங்களா? அது பேச்சுத் தமிழ்மா. கால்வாய்ன்னு போடணும்."

"கால்வாய்ன்னா பெருசால்ல இருக்கும்?"

"மரியாதையா இருக்கும்."

போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். மூன்று மனு போட்டுப் பதில் இல்லாத ஆத்திரத்தில் நாலாவது மனுவில் கொஞ்சம் நக்கலும் சேர்த்தேன். எனக்கு நக்கல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் காம்பரா மேட்டுப் பக்கம். தண்ணீர் வராது.

"எமது லயத்தின் பின்புறம் அமைந்துள்ள கால்வாயானது ஆண்டு முழுவதும் நீர் நிறைந்து, எமது வாயிற்படியைத் தழுவிச் செல்கிறது. நீரின் நடுவே பலகையில் அமர்ந்து காலை உணவு அருந்தும் பெரும் பாக்கியத்தை நாம் மட்டுமே பெற்றுள்ளோம். இப்பாக்கியத்தை மேன்மை தங்கிய தங்களைப் போன்றோரும் ஒருமுறை அனுபவிக்க வேண்டும் என்பது எமது பேரவா. ஆவன செய்யவும்."

இந்த மனு எந்தெந்த மேசை வழியாகப் போனது என்று எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்த இடம் பதுளையில் புதிதாகத் திறந்திருந்த நீர்வழி அழகூட்டல் பிரிவு. அதன் பணிப்பாளர் அந்தச் சமயம்தான் ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்கு இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். அந்த நகரத்தில் தெருவுக்குப் பதில் கால்வாய். ஒரு நாள் காலையில் அவரை மட்டும் தனிப் படகில் ஏற்றி, மேசை விரித்து, முட்டையும் ரொட்டியும் பழச்சாறும் கொடுத்து ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். அரசாங்கச் செலவில் போனவர் அரசாங்கத்துக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும் அல்லவா? அவர் அந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்தார். படகும் வாங்கியாயிற்று. இல்லாதது கால்வாய் ஒன்றுதான். அலுவலகத்துக் காகிதங்களில் தேடியபோது கால்வாய் என்ற சொல் இருந்த ஒரே காகிதம் என்னுடையது.

இரண்டாயிரத்து மூன்று ஐப்பசியில் ஜீப் வந்தது. இறங்கியவர் குமாரசிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், அந்தப் பிரிவின் மொழிபெயர்ப்பாளர். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு லயத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"மனு எழுதினது ஆர்?"

நான் முன்னால் வந்தேன்.

"நான்தான் அதைச் சிங்களத்துக்கு மாத்தினனான். அருமையான தமிழ் ஐசே. பணிப்பாளர் ரெண்டு தரம் வாசிப்பிச்சுக் கேட்டவர்."

"ஐயா, அது வந்து... நக்கலா எழுதினதுங்க."

அவர் மனுவைப் பிரித்து மேலும் கீழும் பார்த்தார். "நக்கல் எண்டு எங்க கிடக்கு? ஒரு அடிக்குறிப்பு எண்டாலும் போட்டிருக்கலாமே. இப்ப அமைச்சு அனுமதிச்சுப் போட்டுது. இனி இது நக்கல் இல்லை, செயற்திட்டம்."

விஜயலெட்சுமி குறுக்கே வந்தாள். "ஐயா, எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. இந்தக் கான வெட்டி வுட்டாப் போதும்."

"எந்தக் கான்?"

"இதுதாங்க."

"பிள்ளை, இது கால்வாய். உங்கட ஆக்களே எழுத்தில தந்திருக்கினம். கால்வாயை வெட்டி வடிய விடுறது குற்றம்."

பிறகு அவர் நாடா பிடித்து அளந்தார். கான் இரண்டரை அடி. வாங்கிய படகு மூன்றரை அடி. இத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அது எங்கள் படிப்பறிவின்மை. ஒரு வாரத்தில் பொறியியல் பிரிவிலிருந்து தீர்வு வந்தது: அகலம் போதாத கால்வாயில் ஆழத்தைக் கூட்டினால் அகலம் தானாகவே கூடும். மதகில் ஏற்கெனவே அடைத்திருந்த மண்ணுக்கு மேல் முப்பது மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அறிக்கையில் அதற்கு 'நீர்மட்டம் பேணல்' என்று பெயர். தண்ணீர் கானை விட்டு ஏறி, வாசலை நிரப்பி, விஜயலெட்சுமியின் முழங்காலுக்கு வந்தது. அகலம் கூடியது உண்மைதான். விஞ்ஞானத்தைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த குறை பணிப்பாளர் கண்ணில் பட்டது. ஐரோப்பாவில் படகு போகும்போது கரையில் உள்ளவர்கள் ஜன்னலைத் திறந்து கை காட்டுவார்களாம். எங்கள் லயத்தின் பின்சுவரில் ஜன்னல் கிடையாது. முப்பது வருஷமாகக் கேட்டும் கிடைக்காத ஜன்னல் பத்தே நாளில் கிடைத்தது. பண்டாரவளையிலிருந்து ஒரு பெயின்டர் வந்து, காம்பராவுக்கு ஒன்றாகப் பத்து ஜன்னல் வரைந்தார். நீலக் கதவு, பூந்தொட்டி, ஏழாம் நம்பர் ஜன்னலில் மட்டும் ஒரு பூனை.

"பூனை எதுக்குங்க?" என்று விஜயலெட்சுமி கேட்டாள்.

"எலி இருக்கில்ல," என்றார் பெயின்டர்.

பலகையும் நட்டார்கள். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில்: 'தனியார் காலை உணவுப் படகு உலா'.

விஜயலெட்சுமியின் புருஷன் வீரய்யா அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். "தனியார்னா, தனியார் பஸ்ஸு மாதிரியாங்க ஐயா? ஆள் நெறைஞ்சாத்தான் எடுப்பாங்களா?"

"இல்லை. ஆள் நிறைஞ்சா எடுக்கமாட்டம்," என்றார் குமாரசிங்கம். "ஒருத்தர் மட்டும்தான். அதுதான் தனியார்."

படகுக்குத் துடுப்புப் போட இடமில்லை. கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுக்க நாலு ஆள் வேண்டும். தோட்டம் ஆள் கொடுத்தது. கயிறு இழுக்கும் நாளெல்லாம் முழுப்பேர், கொழுந்துக் கூடை தூக்க வேண்டியதில்லை. முதல் ஆளாகப் பேர் கொடுத்தவன் வீரய்யா.

"வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நீ அதுல கயிறு இழுக்கப் போறியா?" என்றாள் விஜயலெட்சுமி.

"தண்ணி எப்பவும் இருக்குதானே புள்ள. பேருதான் எப்பவும் இல்ல."

வெள்ளோட்ட நாள் வந்தது. காலை ஆறு மணி. பணிப்பாளர் வெள்ளைச் சட்டையில், கழுத்தில் துவாய் சொருகி, படகில் தனியாக உட்கார்ந்தார். முன்னால் ஒரு சின்ன மேசை. திட்டப்படி, கால்வாயோரம் வசிக்கும் ஒரு குடும்பப் பெண் தன் அடுப்பில் சமைத்த உணவைப் பின்கதவு வழியாக நீட்ட வேண்டும். தெரிவு செய்யப்பட்டது விஜயலெட்சுமி.

"அடுப்பு தண்ணிக்குள்ள கெடக்குதுங்க," என்றாள்.

"தெரியும்," என்றார் குமாரசிங்கம். "அதுதான் பதுளைக் கடையில இடியப்பம் கட்டிக் கொண்டந்தனாங்கள். நீர் கோப்பையில வச்சு நீட்டினால் சரி. சிரிக்கவும் வேணும்."

அவள் முழங்கால் தண்ணீரில் நின்று இடியப்பத் தட்டை நீட்டினாள். சொதி வாசனை வந்தது. அன்று அவள் வயிற்றில் இருந்தது முதல் நாள் ராத்திரி ஊற்றி வைத்த பால் சேராத சாயத்தண்ணி மட்டும். பணிப்பாளர் கோப்பையை வாங்கிக்கொண்டு கை காட்டினார். ஜன்னல்கள் எதுவும் திரும்பிக் கை காட்டவில்லை. நாலு பேரும் கயிற்றை இழுத்தார்கள். நாற்பது யார் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சாப்பாடு முடியவில்லை. ஆகவே படகைத் திருப்பி இழுத்தார்கள். மறுபடி அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் அலை அடித்து அவள் காம்பராவுக்குள் போய் வந்தது.

மூன்றாம் தடவை படகு திரும்பியபோது அவள் கதவு மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. பெண்பிள்ளை மண்வெட்டியோடு போனால் வேலைக்குப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். மதகுக்கு இறங்கிப் போய், மூட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளி, இரண்டு வருஷத்து மண்ணை வெட்டி இழுத்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 'கொளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவு தண்ணீரும் எழுந்து ஆற்றுக்குப் போனது. படகு சாவகாசமாக இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தது. பணிப்பாளர் கையில் இடியப்பத்தோடு அப்படியே இருந்தார்.

சேறு வழிய வந்து நின்றவளைக் காட்டி அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"என்ன செய்தனீர் பிள்ளை?" என்றார் குமாரசிங்கம்.

"கான வெட்டி வுட்டேங்க."

குமாரசிங்கம் ஐயா மனதுக்குள் கணக்குப் போட்டார். இதை அப்படியே மொழிபெயர்த்தால் குற்றப்பத்திரிகை. குற்றப்பத்திரிகை என்றால் விசாரணை. விசாரணை என்றால் கான் எப்படிக் கால்வாயானது என்ற கேள்வி வரும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிங்களத்தில், "இந்தப் பெண் கால்வாயைத் திறந்து வைத்திருக்கிறார்," என்றார்.

பணிப்பாளர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். உடனே எல்லாரும் கை தட்டினார்கள். கயிற்றை விடாமல் வீரய்யாவும் தட்டினான். போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் காலை ஏழாம் நம்பரில் புகை வந்தது. சுவரில் வரைந்த பூனைக்குப் பின்னால் இரண்டு வருஷம் கழித்து முதல் ரொட்டி வெந்தது. அன்றைக்கு விஜயலெட்சுமி சங்கு ஊதுமுன் பெரட்டில் நின்று முழுப்பேர் போட்டாள். கான் தண்ணீர் கானுக்குள்ளேயே ஓடியது.

சரியாகப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் ஜீப் வந்தது. திறப்பு விழா போட்டோ கொழும்பு வரை போயிருக்கிறது. பெரிய செயலாளர் ஒருவர் மெச்சி, அதே திறப்பு விழாவை நேரில் பார்க்க வருகிறார். விஜயலெட்சுமிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ்: 'கால்வாயை வைபவரீதியாகத் திறந்து வைத்தமைக்காக'.

"ஆனால் ஒரு விஷயம்," என்றார் குமாரசிங்கம். "திறக்கிறதெண்டால் முதல்ல மூடி இருக்க வேணும்."

மூட்டைகளை அடுக்கியது அலுவலகத்து ஆட்கள் இல்லை. எங்கள் ஆட்கள்தான். முழுப்பேர். வீரய்யா நின்று வரிசை பார்த்தான். முன்னே முப்பது மூட்டை இருந்த இடத்தில் இப்போது நாற்பது. சின்னராசா கங்காணி, "பாத்து அடுக்குங்கடா, நம்ம தோட்டத்து மானம்," என்று சத்தம் போட்டார். அன்று பின்னேரம் மேல் லயத்திலிருந்து நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் கானில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்பதில்லை.

"எங்களுதும் கால்வாய்தான்னு ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணே. அடைக்கிறத நாங்களே அடைச்சுக்குறோம். ஜன்னலு வரைஞ்சு குடுப்பாங்கல்ல?"

எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழில்.

அவர்கள் போன பிறகு விஜயலெட்சுமி வந்தாள். முட்டிக்கு மேலே சேலை நனைந்திருந்தது. கையில் சான்றிதழ்.

"இத நம்ம வீட்ல வைக்க எடமில்லண்ணே. நனைஞ்சிரும். உங்க காம்பரா மேடுதானே, இங்க மாட்டி வையுங்க."

வாங்கி ஆணியில் மாட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பேனாவை எடுத்தேன்.

"இன்னொரு மனு எழுதட்டுமாம்மா? இந்தத் தடவை கான்னே போடுறேன்."

"ஐயையோ, வேணாங்கண்ணே," என்றாள். "நீங்க எழுதுறதுக்கு முந்தி தண்ணி கணுக்காலு மட்டுந்தான் இருந்துச்சு."